வாடை எடுத்துப்போன பெருநாள்

எங்கள் கரையில் பெண்சாதியோடு சண்டை பிடிப்பதற்கும் காலம் பார்க்க வேண்டும். கலியாணம் முடிப்பதற்கு முன் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் படித்த புத்தகங்களிலும் இல்லை.

இங்கே வீடு பெண்ணுக்கு. பெண்பிள்ளை பிறந்ததும் தகப்பன் மனைக்கு வளவும் சுவருக்குக் கல்லும் தேட ஆரம்பித்துவிடுவார். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு அந்த வீட்டுக்குப் போய்ச் சேருவான். ஆகவே கோபித்துக்கொண்டு ஒருவர் வெளியேறுவது என்றால் அது அவனாகத்தான் இருக்க வேண்டும். எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. அவன் பிறந்த வீடு அக்காவான ராத்தாவுக்குப் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும்.

கச்சான் காலத்தில் இது ஒரு பிரச்சினையே அல்ல. வைகாசி பிறந்தால் மேற்கே மலைப்பக்கமிருந்து வரும் அந்த வறண்ட காற்று வயல்வெளியெல்லாம் காய்ந்து கிடக்க, ஊருக்குள் அடுப்பு வாயைத் திறந்துவிட்டது மாதிரி வீசும். வீட்டுக்குள் படுக்க ஏலாது. ஆண்கள் பாயையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவார்கள். மணலில் வரிசையாகக் கிடக்கும் நூறு பேரில் எவர் புழுக்கத்துக்கு வந்தவர், எவர் பெண்சாதி துரத்தி வந்தவர் என்று அல்லாஹ் ஒருவனுக்குத்தான் தெரியும். மானம் காக்கும் காற்று அது. நிலக்கடலைக்கும் அதே பெயரை வைத்திருக்கிறோம். இரண்டையும் கடற்கரையில் வைத்துத்தான் ருசிக்க வேண்டும்.

நான் சண்டை பிடித்தது மார்கழியில்.

தொண்ணூறுகளின் பிற்பாதி. அந்த வருடம் மழை பிந்திவிட்டது. ஐப்பசி போய்விட்டது, கார்த்திகையும் பாதி போய்விட்டது, வானம் வெள்ளை வேட்டி மாதிரி வெறுமையாகக் கிடந்தது. விதைத்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தபடி நடந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறவன். ஊரே மழையைப் பற்றிக் கவலைப்படும்போது அதைப் பற்றிக் கருத்துச் சொல்லாமல் இருந்தால் சம்பளம் செரிக்காது. பெரு நாட்டுக் கரையில் கடல் சூடாகிவிட்டால் உலகத்து மழையெல்லாம் இடம் மாறிப்போகும் என்று ஒரு சஞ்சிகையில் வாசித்திருந்தேன். அதை வைத்து இந்த வருடம் மாரி பொய்க்கும் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது வேறு விஷயம். கூரையில் ஏழெட்டு ஓடு வெடித்திருந்தது. மழைக்கு முதல் ஆளைப் பிடித்து மாற்ற வேண்டும்.

"பெருவுல கடல் சூடாகியிரிக்கி. மழை இப்போதைக்கு வராது," என்றேன்.

"அங்க கடல் சூடாகினா இஞ்ச ஓடு மாத்தப்படாதா?"

"அவசரம் இல்ல எண்டு செல்றன்."

"எறும்பு முட்டையத் தூக்கித்துச் செவருல ஏறுது. அதுக்கிட்ட செல்லுங்க பெருவப் பத்தி."

எறும்பு சஞ்சிகை வாசிப்பதில்லை. ஆகவே அது சரியாகச் சொன்னது. நோன்புக்கு ஒரு கிழமை இருக்கும்போது ஒரு பின்னேரம் கடல்பக்கம் கறுத்தது. மறுநாள் விடியும்வரை கொட்டித் தீர்த்தது. அவள் தையல்காரி. நோன்புக்கென்று பெண்கள் தொழும்போது உடுக்கும் வெள்ளை உடுப்புகள் பன்னிரண்டு தைத்து, மடித்து, மேசையில் அடுக்கி வைத்திருந்தாள். வெடித்த ஓட்டின் செம்மண் நிறத் தண்ணீர் சரியாக அதற்கு மேல்தான் இறங்கியிருந்தது.

அவள் ஒவ்வொன்றாக விரித்து வீட்டு மண்டபத்தில் போட்டாள். எல்லாவற்றிலும் சிவப்புக் கறை. நான் அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஊரில் எனக்குப் பகிடிக்காரன் என்று பெயர். அந்தப் பெயருக்கு அடிக்கடி தீனி போட வேண்டியிருந்தது. ஒரு கறையைக் காட்டி, "இது அச்சொட்டா தென்னமெரிக்கா மாதிரி இரிக்கி. பெரு இந்த மூலைக்க," என்றேன்.

"அப்ப அங்கயே போங்க," என்றாள்.

பன்னிரண்டு வருடக் குடும்ப வாழ்வில் அவள் எனக்குச் சொன்ன மிகச் சுருக்கமான வசனம் அது. நானும் ரோசக்காரன். குடையை எடுத்தேன், மூன்று புத்தகங்களையும் சின்ன ரேடியோவையும் ஒரு பையில் போட்டேன். அந்த வீட்டில் என்னுடையது என்று அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. பத்து வயது மகள் ஜன்னலில் நின்று பார்த்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. குடை காற்றில் மடங்கிக்கொண்டதால் அதோடு மல்லுக்கட்டவே நேரம் சரியாக இருந்தது.

ராத்தா வீட்டில் இரண்டு நாள் இருந்தேன். ஆறு பேர் படுக்கும் அறையில் ஏழாவது ஆளாக, ஒழுகும் மூலையைத் தவிர்த்து. மூன்றாம் நாள் காலையில் ராத்தா தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டு, "தம்பி, பள்ளிக்கூட லீவு எப்ப முடியும்?" என்று கேட்டா. நோன்பு முழுக்க எங்கள் பள்ளிக்கூடங்களுக்கு லீவு என்பது அவவுக்குத் தெரியாதா என்ன?

என்னோடு ஒன்றாகப் படித்த ஒருவருக்குக் கரைவலை இருந்தது. கரைவலை இழுப்பதெல்லாம் கச்சான் காலத்தில்தான். மாரி வந்து கடல் முறுகினால் தோணிகளைத் தென்னைமரங்களுக்குக் கீழ் ஏற்றி வைத்துவிட்டு, வலையை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஊரின் வடக்குக் கோடியில், தென்னந்தோப்புக்கும் அப்பால், கடலைப் பார்த்தபடி இருக்கும் அவருடைய கிடுகு வேய்ந்த மீன்பிடிக் குடிசையான வாடி தைமாதக் கடைசிவரை சும்மா கிடக்கும். அதைக் கேட்டேன்.

"வாடியிலயா? மாரிக்கி அங்க நாயும் படுக்காதுகா," என்றார்.

"நாய்க்குப் போக இடம் இரிக்கும்."

அவர் சிரித்துவிட்டுப் பூட்டுக்கான திறப்பைத் தந்தார். வாடிக்குக் கதவு கிடையாது என்பது போன பிறகுதான் தெரிந்தது. அந்தத் திறப்பு எதற்கு என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

நோன்பு பிறந்தது. நான் வாடியில் இருந்தேன்.

மாரியில் கடலைப் பார்க்க வருகிறவர்கள் இல்லை. அது பார்க்கத்தக்கதாகவும் இருப்பதில்லை. ஆற்றுத் தண்ணீர் வந்து கலந்து, முகம் கழுவாதவன் மாதிரி மண்ணிறமாகக் கிடக்கும். ஒவ்வொரு நாளும் கரையில் ஒரு முழம் குறையும். வெள்ளம் எங்கிருந்தோ கொண்டுவந்த மூங்கில், வேரோடு மரம், ஒற்றைச் செருப்பு, ஆற்றுவாழைக் குவியல், அதற்குள் சுருண்டு படுத்த பாம்பு எல்லாம் காலையில் எனக்காக வந்து காத்திருக்கும். நெருப்புப்பெட்டி நனைந்துவிடும். உப்பு தண்ணீராகிவிடும். ரேடியோவின் பற்றரி ஒரு கிழமையில் பச்சை பூத்துச் செத்தது. புத்தகங்கள் ஈரத்தைக் குடித்து நோன்புக்கஞ்சி குடித்த வயிறு மாதிரி ஊதிப்போயின. அதில் ஒன்று பனிக்கடலில் கப்பல் இறுகி மாட்டிக்கொண்ட மாலுமிகளைப் பற்றியது. அவர்கள் இருபது பேருக்கு மேல். ஆளுக்காள் சண்டை பிடிக்கவாவது ஆள் இருந்ததே என்று பொறாமையாக இருந்தது.

ரோந்து வரும் படையினர் இரண்டாம் நாளே வந்து அடையாள அட்டையைப் பார்த்தார்கள். ஆசிரியர் ஒருவர் மழைக்குள் இங்கே என்ன செய்கிறார் என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அதை விளக்கவும் முடியவில்லை. கடைசியில் அவர்களில் மூத்தவர், "நோனா தரஹத?" என்றார். பெண்சாதி கோபமா என்று கேட்கிறார். "ஒவ்," என்றேன். அட்டையை மரியாதையாகத் திருப்பித் தந்துவிட்டு, அதற்குப் பிறகு ஒருநாளும் என்னைத் தொந்தரவு செய்யவில்லை.

முதல் பத்து நோன்பும் பள்ளிவாசலுக்குப் போய்க் கஞ்சி குடித்தேன். கஞ்சிக் கோப்பையை வாயில் வைக்கும் முன் யாராவது பக்கத்தில் வந்து குந்துவார்கள்.

"சேர், ஊட்ட எல்லாரும் சொகமா?"

"சொகம்."

"கடல் காத்து நல்லமாம் ஒடம்புக்கு."

"ஓம். டொக்டர் செல்லியிரிக்காரு."

மழைக்காலத்தில் ஊருக்குப் பொழுதுபோக்கு குறைவு. வயலுக்கும் போக ஏலாது, கடலுக்கும் போக ஏலாது, ஆகவே எல்லாரும் என்னிடம் வந்தார்கள். பதினோராம் நோன்பிலிருந்து பள்ளிவாசல் கஞ்சியை விட்டேன். அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பிறகு தோப்போரச் சின்னக் கடையில் கோதுமைப் பாணும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அதற்கு முன், கைக்கடிகாரத்தைப் பார்த்து, பேரீச்சம்பழம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, கடலுக்கு முன்னால் தனியாக இருந்து நோன்பு திறப்பேன். தொழுகைக்கு அழைக்கும் ஊரின் பாங்கு எனக்குக் கேட்காது. கச்சான் காலத்தில் அதே இடத்தில் நின்றால் பாங்கு மட்டுமல்ல, மூன்றாவது தெருவில் யாராவது பிள்ளையை ஏசுவதும் கேட்கும். காற்று ஊரிலிருந்து கடலுக்கு. இப்போது வீசுவது வாடை. அது வடக்கேயிருந்து, கடலிலிருந்து, என்னைத் தாண்டி ஊருக்குப் போகிறது. நான் இருமினால் ஒருவேளை ஊருக்குக் கேட்டிருக்கும். ஊர் எவ்வளவு கத்தினாலும் எனக்கு வராது.

இருபத்தாறாம் நோன்பன்று பின்னேரம் மச்சான் வந்தான், வீட்டுக்காரியின் தம்பி. சைக்கிளைத் தோப்பில் விட்டுவிட்டு, தலையில் உரப்பையைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, சேற்றில் கால் புதையப் புதைய வந்தான். ஒரு தேத்தண்ணி கொடுக்கவும் வழியில்லை, இருவரும் நோன்பு.

"மச்சான், ராத்தா ஒரு கத செல்லி உட்டிரிக்கா."

அவனுக்கு ராத்தா என்றால் என் பெண்சாதி. நான் கடலைப் பார்த்தபடி, "என்னவாம்?" என்றேன்.

"பெருநாள் காலையில தொழுதுத்து நேரா ஊட்ட வரட்டாம். புள்ள வாப்பா எங்க, வாப்பா எங்க எண்டு கேட்டுத்தே இரிக்கி."

"அவ கேக்கல்லயா?"

"அவ ஒங்கள வரச் சென்னாவே, மறுகா என்ன கேள்வி?"

"இண்டைக்கே வந்தா என்ன?"

"இண்டைக்கிச் செல்லல்ல. பெருநாளைக்கிச் சென்னா. அண்டைக்கும் வரல்லண்டா, மறுகா வாடியிலேயே ஒரு கலியாணத்த முடிச்சித்து இரிக்கட்டாம்."

"ஆரோட?"

"அத அவ செல்லல்ல. இஞ்ச நண்டுதான் இரிக்கி."

போகும்போது திரும்பி, "மச்சான், பகிடி இல்ல இது. வந்துருங்க," என்றான். அவன் முகத்தில் சிரிப்பில்லை.

அந்த மூன்று நாளும் எனக்கு வேறு வேலை இல்லை. சட்டையைத் துவைத்தேன், காயவில்லை. அடுப்புப் புகையில் பிடித்தேன். காய்ந்தது, ஆனால் கருவாட்டு வாசம். மறுபடி துவைத்தேன். வீட்டு வாசலில் என்ன சொல்லி நுழைவது என்று வசனம் எழுதினேன். ஒவ்வொன்றிலும் ஒரு பகிடி வந்து ஒட்டிக்கொண்டது. எல்லாவற்றையும் தட்டிவிட்டுப் பார்த்தால் "வந்திரிக்கன்" என்ற ஒரு சொல்தான் மிஞ்சியது. அது போதும் என்று தீர்மானித்தேன்.

இருபத்தொன்பதாம் நோன்பு. அன்று பிறை தென்பட்டால் மறுநாள் பெருநாள். தென்படாவிட்டால் முப்பதையும் பூர்த்தி செய்ய வேண்டும். பின்னேரத் தொழுகையான அஸருக்கே இருட்டிவிட்டது. வாடைக் காற்று கிடுகை மேலால் கிளப்பியது. மழை சாய்வாக அல்ல, படுக்கையாகவே பெய்தது. ஊரில் கரண்டும் போயிருக்க வேண்டும். தோப்புக்கு அப்பால் ஒரு வெளிச்சப் பொட்டும் இல்லை. நான் வானத்தைப் பார்த்தேன். ஒரு ஆசிரியன் பார்க்கும் விதத்தில் பார்த்தேன். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம், கனத்த முகில், அடிவானம் என்ற ஒன்றே இல்லை. இந்த வானத்தில் பிறை காண்பது என்றால் கண் போதாது, கடப்பாரை வேண்டும். சந்தேகமில்லாமல் நாளை முப்பதாம் நோன்பு. கடைக்குப் போகும் தேவையும் இல்லை. முதல் நாள் பாணில் பாதி மிச்சம் இருந்தது. நோன்பைத் திறந்தேன், தொழுதேன், உரப்பைகளை மேலே இழுத்துக்கொண்டு படுத்தேன். விடியுமுன் சஹருக்கு எழும்பி அந்தப் பாணைத் தண்ணீரில் நனைத்துத் தின்று, முப்பதாவது நோன்புக்கு மனதில் நிய்யத்து வைத்தேன்.

விடிந்தும் மழை விடவில்லை. நோன்பாளிக்கு அது நல்லது, தாகம் தெரியாது. நாள் முழுக்கப் பனிக்கடல் மாலுமிகளோடு இருந்தேன். கடற்கரையில் ஒரு மனிதர் இல்லை. கச்சான் காலத்துப் பெருநாள் என்றால் தொழுகையே கடற்கரைத் திடலில்தான். பின்னேரம் ஊர் முழுக்கப் புது உடுப்போடு மணலில் இறங்கிவிடும். அப்படி ஒரு பெருநாளாக இருந்திருந்தால் ஊரே என் வாடி வாசலில் வந்து வரிசையாக ஸஃபு கட்டியிருக்கும். எனக்குத் தெரியாமலே அன்று மழைக்குத் தொழுகையைப் பள்ளிவாசலுக்குள் வைத்துக்கொண்டார்கள். பெருநாள் தக்பீர் சொல்லியிருப்பார்கள், வாடை அதை வயல் பக்கம் கொண்டுபோய் நாற்றுகளுக்குக் கேட்க வைத்திருக்கும்.

அஸர் தாண்டியதும் மழை கொஞ்சம் ஓய்ந்தது. மறுநாள் பெருநாளைக்கு ஒரு சவர்க்காரமும் மகளுக்கு இனிப்பும் வாங்கலாம் என்று ஊருக்குள் நடந்தேன். தோப்பைத் தாண்டியதும் ஒரு கூட்டம் குடைகளோடு எதிரே வந்தது. எல்லாரும் புதுச் சாரன், புதுச் சட்டை, அத்தர் வாசம். நோன்புப் பின்னேரத்தில் ஒருவர் வாயில் வெற்றிலை வேறு. என் மூளை அப்போதும் வேலை செய்யவில்லை. யாருக்கோ கலியாணம் போல என்று நினைத்தேன். நோன்பில் யாரும் கலியாணம் வைப்பதில்லை.

வெற்றிலைக்காரர் என்னைக் கட்டிப்பிடித்தார். "பெருநாள் முபாரக், சேர்!"

"நாளைக்குத்தானே," என்றேன்.

அவர் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "பாத்திங்களா, சேர் பெருநாளைக்கும் பகிடி உடுறார்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். இரவு ரேடியோவில் சொல்லிவிட்டார்களாம். கொழும்புப் பக்கம் பிறை கண்டார்களாம். அங்கே வானம் பளிங்கு மாதிரி இருந்ததாம்.

இருக்கும். இருக்கத்தான் வேண்டும். வாடைக்கால மழை கிழக்குக் கரைக்கு. மலைக்கு அப்பால் மேற்குக் கரையில் அது வெயில் காலம். ஒவ்வொரு வருடமும் ஒன்பதாம் வகுப்புக்கு இலங்கைப் படம் கீறி, நடுவில் மலையை வைத்து, இந்தப் பக்கம் நீலமும் அந்தப் பக்கம் மஞ்சளும் தீட்டி நான் படிப்பிக்கும் பாடம் அது. சோதனையில் அதைப் பிழையாக எழுதிய பிள்ளைகளை நான் வெயிலில் நிறுத்தியிருக்கிறேன்.

வீடு வரை ஓடினேன் என்று எழுதலாம். நாற்பத்து மூன்று வயதில், வெறும் வயிற்றோடு, வெள்ளம் நிற்கும் ஒழுங்கையில் ஓட முடியாது. நடந்தேன். வழியெல்லாம் ஸலாம் சொல்லிச் சொல்லி நடந்தேன். படலையைத் திறந்ததும் மகள் வாசலில் வந்து நின்றாள். புதுச் சட்டையின் கழுத்தில் சாப்பாட்டுக் கறை. காலையிலிருந்து போட்டிருந்து கசங்கிய சட்டை. உள்ளே திரும்பி, "உம்மா, வாப்பா வந்திரிக்காரு," என்றாள், தைக்கக் கொடுத்த உடுப்பை வாங்க ஆள் வந்திருப்பதைச் சொல்வதுபோல.

அவள் வந்தாள். எழுதி வைத்திருந்த ஒற்றைச் சொல்லும் எனக்கு வரவில்லை.

"தொழப் போனீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. நான் நோம்பு."

"பெருநாளைக்கா?"

சொன்னேன். முகில், மழை, கரண்டு, செத்த பற்றரி, வாடைக் காற்று, பாங்கு கேட்காதது எல்லாவற்றையும் ஒழுங்காக, ஒரு பகிடியும் இல்லாமல் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேர்மையாக நான் கதைத்ததில்லை. அவள் முழுவதையும் கேட்டாள்.

"மாரிக்கி கொழும்பில வானம் வெளிச்சமா இரிக்கும். அங்கால மழ பெய்யாது," என்றாள். "கலியாணம் முடிச்ச வருசம் இந்த மேசையில படம் கீறி நீங்கதான் எனக்குப் படிச்சித் தந்தீங்க."

"மறந்து போச்சி."

"எனக்கு மறக்கல்ல. ஒங்களுக்கு மறந்து போச்சா?"

"அல்லா மேல ஆணையா..."

"ஆணை எல்லாம் வேணாம். வர மனமில்லண்டா மனமில்லண்டு செல்லுங்க. காலையில இருந்து சோத்த மூடி வெச்சித்து நானும் புள்ளையும் பாத்தது பாத்ததுதான்."

உள்ளே போனாள். ஒரு கிளாஸ் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினாள். "பெருநாளைக்கு நோம்பு பிடிக்கிற ஹராம். குடிங்க. ஹராத்தோட என்ட ஊட்டுக்குள்ள நிக்காதீங்க."

நின்றபடி குடித்தேன். பிறகு மண்டபத்தில் பாய் விரித்து, வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு எடுக்கும் பூப்போட்ட கோப்பையில் நெய்ச்சோறும் இறைச்சி ஆணமும் வைத்தாள். சோறு ஆறி நெய் உறைந்திருந்தது. அவள் பக்கத்தில் இருக்கவில்லை. கூரையை அண்ணாந்து பார்த்தேன். புது ஓடுகள் பளபளவென்று இருந்தன. மச்சான் ஆள் பிடித்து மாற்றியிருக்கிறான். வெளியே மறுபடி மழை பிடித்தது. வீட்டுக்குள் ஒரு சொட்டும் விழவில்லை.

போகச் சொல்லவில்லை, ஆகவே இருந்துவிட்டேன். மாரி முடிந்தது, கச்சான் வந்தது, கதை பேச்சும் மெல்ல மெல்ல வந்தது. அந்தப் பெருநாளைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறப்பதில்லை. நான் சொன்னது உண்மை என்பதை அவள் இன்றுவரை நம்பவில்லை. எத்தனையோ பொய்களை நம்பியவள்தான். படித்தவனுக்கு மறதி வரும் என்பதை மட்டும் அவளால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. என் படிப்பின் மேல் அவள் வைத்திருக்கும் மதிப்பு அவ்வளவு.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பெருநாளும் விடியும்போது, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தக்பீர் கூரையைத் தூக்குமளவுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும். அவள் நான் படுத்திருக்கும் இடத்துக்கு வந்து, கால்மாட்டில் நின்று, அரசாங்க அறிவித்தல் மாதிரி ஒரு வசனம் சொல்வாள்.

"இண்டைக்கிப் பெருநாள்."

ஓம் என்பேன். கேட்டதற்குச் சாட்சியாக எழும்பி உட்கார்ந்தும் காட்டுவேன். அவள் பார்த்துவிட்டுப் போவாள்.